யந்திரம் என்னும் வாசகன்

யந்திரம் மொழியைக் கெடுத்துவிடும் என்பது இலக்கியக்காரர்களிடையே விவாதமின்றி ஏற்கப்பட்டுவிட்ட ஒரு கருத்து. விவாதமின்றி ஏற்கப்பட்ட எதையும் ஒருமுறை கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பது நல்லது. அதற்காக, பலருக்கு அற்பமாகப் படக்கூடிய ஒரு சிறு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் தான் செய்து முடித்த காரியத்தை மனிதனுக்குச் சொல்கிறது. அதே செய்தியை இன்னொரு புரோகிராமும் படிக்கும்படி, தனியாக ஒரு வடிவத்திலும் அது சொல்ல வேண்டுமா என்பது கேள்வி. தொழில்காரர்களின் உள் விவகாரம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அடியில் கிடப்பது யாரிடம் பேசுகிறோம், பேசியதில் எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்கிற பழைய கேள்விதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யந்திரத்துக்கென்று ஒரு மொழி கொடுப்பதால் மனித மொழி கெடுவதில்லை. கொடுக்க மறுக்கும்போதுதான் கெடுகிறது.

படமோ பொத்தானோ இல்லாமல், கீபோர்டில் ஒரு சொல்லைத் தட்டி ஏவினால் வரிவரியாகப் பதில் தரும் புரோகிராம்களைக் கமாண்ட் லைன் புரோகிராம்கள் என்கிறார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ல் தொடங்கிய யுனிக்ஸ் இத்தகைய சிறு புரோகிராம்களால் ஆனது. அங்கே பணிபுரிந்த டக்ளஸ் மக்கில்ராய், யுனிக்ஸுக்கும் முன்பே 1964ல், தோட்டத்து ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று திருகிப் பொருத்துவது போலப் புரோகிராம்களையும் பொருத்த வழி வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். 1973ல் கென் தாம்ஸன் அதை யுனிக்ஸில் செய்து முடித்தார். ஒரு புரோகிராம் எழுதுவதை அடுத்தது படித்தது. அது எழுதியதை அதற்கடுத்தது படித்தது. 1978ல் பெல் ஸிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னல் யுனிக்ஸுக்காகக் கொண்டுவந்த தனி இதழில் மக்கில்ராயும் சகாக்களும் இந்த மரபின் விதிகளை எழுதிவைத்தார்கள். அவற்றுள் ஒன்றின் சாரம் இது: உன் புரோகிராம் எழுதுவதை, உனக்கு இன்னும் தெரியாத ஏதோவொரு புரோகிராம் படிக்கப்போகிறது என்று எதிர்பார், ஆகவே தேவையில்லாததைச் சேர்க்காதே.

எழுத்தாளனுக்குச் சொன்ன விதி போலவே இருக்கிறது இது. இருநூறு பிரதி அச்சிடும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு அந்த இருநூறு பேரையும் ஏறக்குறையத் தெரியும். என்றாலும் அவன் எழுதுவது இருநூற்றொன்றாவது ஆளுக்காகத்தான். அந்த ஆளின் முகம் தெரியாது. அவன் எதை எடுத்துக்கொள்வான் என்பதும் தெரியாது.

ஆனால் இந்த விதியில் ஒரு மறைவான அனுமானம் இருந்தது. மனிதன் படிக்கிற வரியையே யந்திரமும் படிக்கும் என்பது அது. இதில் ஒரு பெருந்தன்மை இருந்ததை மறுக்க முடியாது. யந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ரகசிய பாஷை கிடையாது. எந்த இணைப்பிலும் மனிதன் குனிந்து எட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பூசாரி வேண்டாத கோயில். பல ஆண்டுகள் இது நன்றாகவே நடந்தது. பிசகுகள் தென்பட ஆரம்பித்தபோது, அவை இரண்டு வாசகர்களும் ஒருவரல்ல என்பதிலிருந்து வந்தவையாக இருந்தன.

'எல்எஸ்' என்றொரு புரோகிராம் உண்டு. ஃபைல்களின் பட்டியலைத் தரும். விரிவான பட்டியல் கேட்டால் ஒவ்வொரு ஃபைலும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்றும் சொல்லும். அண்மையில் மாற்றப்பட்டதானால் மாதம், தேதி, மணி, நிமிஷம். ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் மணியையும் நிமிஷத்தையும் விட்டுவிட்டு அந்த இடத்தில் வருஷத்தைப் போடும். இதைச் செய்தவன் மனித ஞாபகத்தின் இயல்பை அறிந்தவன். நேற்று நடந்ததற்கு மணி முக்கியம், மூன்று வருஷம் முன்பு நடந்ததற்கு வருஷம் போதும் என்பது நாம் ஒருவருக்கொருவர் பேசும் விதம். இதே வரியைப் படிக்க வேண்டிய புரோகிராம் என்ன செய்யும்? ஒரே இடத்தில் ஒருசமயம் மணி, இன்னொருசமயம் வருஷம். நேற்றுவரை சரியாக வேலை செய்த புரோகிராம், ஃபைலுக்கு வயதாகிவிட்ட ஒரே காரணத்தால் இன்று தடுமாறும். மனிதனுக்குக் காட்டிய நாசூக்கு யந்திரத்துக்குக் கண்ணியாகிவிட்டது.

வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று சொல்லும் 'டிஎஃப்' கதையும் இதுதான். மனிதர் படிக்கும்படி கேட்டால் பைட்டுகளின் நீண்ட எண்ணை முழுமைப்படுத்தித் தோராயமாகச் சொல்லும். தெரியாத அளவுக்கு ஒரு சிறு கோடு போட்டுவிடும். நாம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மேலே போகிறோம். யந்திரத்தால் போக முடியாது. கோடு என்றால் இல்லை என்பதா, தெரியவில்லை என்பதா, இந்தக் கேள்வியே இங்கு பொருந்தாது என்பதா? இவை மூன்றும் வெவ்வேறு. பெயர்களின் விஷயம் இன்னும் விசித்திரம். யுனிக்ஸில் ஒரு ஃபைலின் பெயருக்குள் இடைவெளி இருக்கலாம், புதுவரிக் குறிகூட இருக்கலாம். வரிக்கு ஒரு பெயர் என்று நம்பிப் படிக்கிற புரோகிராம், இரண்டு வரியாக உடைந்த ஒரு பெயரை இரண்டு ஃபைல்கள் என்றே எடுத்துக்கொள்ளும். அது அழிக்கும் வேலையைச் செய்கிற புரோகிராமானால், பெயரின் பாதியை உடைய வேறெதையோ அழிக்கும்.

இதுவரை சொன்னவை யந்திரத்தின் கஷ்டங்கள். அவற்றுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, இதனால் மனித மொழிக்கு என்ன நேர்கிறது என்பது.

ஒரு வாக்கியத்தை மனிதனுக்காக எழுதிவைக்கிறோம். யாரோ ஒருவன் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் வருகிறதா என்று பார்த்து வேலை செய்யும்படி தன் புரோகிராமை அமைத்துவிடுகிறான். அந்தக் கணத்திலிருந்து அந்த வாக்கியம் நம்முடையதாக இல்லை. அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் திருத்த முடியாது. திருத்தினால் எங்கோ, நமக்குத் தெரியாத ஓர் இடத்தில், ஏதோ நின்றுபோகும். நன்கு தெரிந்த உதாரணம் ஒன்று. இணையப் பக்கங்களைக் கேட்டுப் பெறும் ஹெச்டிடிபி விதிகளில், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லும் தலைப்பின் பெயரில் இரண்டு 'ஆர்' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே விழுந்துவிட்டது. 1996ல் வெளியான ஆவணத்தில் பிழையோடேயே அது பதிவாயிற்று. இன்றுவரை உலகம் முழுவதும் யந்திரங்கள் அந்தப் பிழையைத் தவறாமல் எழுதிக்கொண்டிருக்கின்றன. அது யந்திரத்துக்கென்றே வைத்த பெயர். ஆகவே நஷ்டம் பெரிதில்லை. மனிதனிடம் பேசுவதற்கென்று எழுதிய வாக்கியம் இப்படி உறையும்போதுதான் மொழி செத்துப்போகிறது. தெளிவாக்க முடியாது, சுருக்க முடியாது, மரியாதையைக் கூட்ட முடியாது.

இதன் உச்சத்தை மொழிபெயர்ப்பில் காணலாம். கேட்ட ஃபைல் இல்லை என்ற நிலைமைக்கு யுனிக்ஸ் மரபில் ஓர் எண் உண்டு: 2. அந்த எண்ணுக்குரிய ஆங்கில வாக்கியமும் உண்டு. எண் யந்திரத்துக்கு, வாக்கியம் மனிதனுக்கு. வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வைக்கத் தடை இல்லை. மொழிக்கேற்பச் செய்திகளை மாற்றும் வசதி இத்தகைய புரோகிராம்களில் வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் எத்தனையோ ஸ்கிரிப்டுகள் எண்ணை விட்டுவிட்டு ஆங்கில வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கின்றன. புரோகிராம் தமிழில் பேசத் தொடங்கியதும் அவை குருடாகின்றன. ஆகவே அனுபவஸ்தர்கள் ஸ்கிரிப்டின் தலையிலேயே ஒரு வரி எழுதிவைப்பார்கள்: எல்லாப் பிராந்திய மொழிகளையும் அணைத்துவிட்டு, மூல வடிவத்திலேயே பேசு என்று. மூல வடிவம் என்பது ஆங்கிலம். யாரும் தமிழை வெறுத்து இதைச் செய்யவில்லை. யந்திரத்துக்குத் தனி இடம் தராததால், அது மனிதனின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தபின் அந்த இடத்தில் வேறு மொழி பேசக்கூடாது என்றாகிவிட்டது. மொழி ஆதிக்கம் எப்போதும் கொடியேந்தி வருவதில்லை. பல சமயம் சோம்பேறித்தனமான ஓர் ஏற்பாடாகவே வருகிறது.

தனி வடிவம் இந்தச் சூழ்நிலையில்தான் அர்த்தம் பெறுகிறது. மனிதனுக்கான வரிகளை அப்படியே விட்டுவிட்டு, கேட்டால் மட்டும் யந்திரத்துக்கான வடிவத்தையும் தருவது. டக்ளஸ் க்ராக்ஃபோர்ட் பரவச் செய்த ஜேஸன் இன்று இதற்கு அதிகம் கையாளப்படும் வடிவம். அதில் உள்ளவை ஆறே வகைப் பொருள்கள்: எழுத்துத் தொடர், எண், உண்டு-இல்லை, வெறுமை, வரிசை, பெயரிட்ட தொகுதி. தேதிக்குக்கூடத் தனி வகை இல்லை. இந்த வறுமைதான் அதன் பலம். பேச்சின் சாயல் எதுவும் அதில் ஒட்டாது.

கிட் என்ற புரோகிராம் இதில் எடுத்துக்காட்டத்தக்கது. புரோகிராம் எழுதுவோர் தம் திருத்தங்களைக் காத்துவைக்கும் இந்தச் சாதனம் 2005ல் லினஸ் டோர்வால்ட்ஸால் தொடங்கப்பட்டது. என்னென்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் அது மனிதனுக்கு வாக்கியங்களில் பதில் சொல்லும். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசனையும் சொல்லும். 2010ல் அதே கட்டளையோடு 'போர்ஸலின்' என்ற சொல்லைச் சேர்த்தால் ஒரு வறண்ட பட்டியல் வரும்படி செய்தார்கள். பெயர் என்னவோ பீங்கான். உள்ளே ஓடுவது குழாய் வேலை. முக்கியம் பட்டியல் அல்ல, அதனோடு கையேட்டில் தந்த வாக்குறுதி: இந்த வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறாது, பயன்படுத்துகிறவரின் சொந்த விருப்பங்களாலும் மாறாது. 2016ல் இன்னும் அதிகத் தகவல் தேவைப்பட்டபோது பழையதைத் தொடவில்லை; பக்கத்தில் இரண்டாம் வடிவம் ஒன்றை வைத்தார்கள். பெயர் மட்டும் சொல்லிக் கேட்பவனுக்கு இன்றும் முதல் வடிவமே வருகிறது. முகம் தெரியாதவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என்றால் இதுதான்.

வாக்குறுதி பற்றி ஹன்னா ஆரென்ட் 1958ல் வெளியான 'தி ஹ்யூமன் கண்டிஷன்' நூலில் சொல்வது இங்கு பொருந்தும். எதிர்காலம் நிச்சயமற்றது, வாக்குறுதி அதில் நிச்சயத்தின் சில திட்டுகளை உண்டாக்குகிறது. ஆனால் வரப்போகும் காலம் முழுவதையும் வாக்குறுதியால் மூட முயன்றால் வாக்குறுதி தன் சக்தியையே இழந்துவிடும் என்கிறார் அவர். தன் ஒவ்வொரு வரியும் என்றைக்கும் மாறக்கூடாது என்ற நிலைக்கு வந்துவிட்ட புரோகிராம் எதிர்காலம் முழுவதையும் அடகு வைத்துவிட்டது. தனி வடிவம் தருவது அடகை மீட்பது போல. இந்தத் திட்டு மட்டும் உறுதி. மற்றதெல்லாம் என் சுதந்திரம் என்று அப்போது சொல்ல முடிகிறது.

இந்தச் சுதந்திரம் உடனே சமாதானத்தைத் தந்துவிடாது. 2016ல் எல்எஸ்ஸின் க்னு வடிவத்தில், இடைவெளி உள்ள பெயர்களைத் திரையில் காட்டும்போது மேற்கோள்குறிக்குள் இட்டுக் காட்டும்படி மாற்றினார்கள். பலருக்குக் கோபம். கண்ணை உறுத்துகிறது, கேட்காமல் செய்தது யார் என்றெல்லாம் சச்சரவு. ஆனால் மாற்றம் திரைக்கு மட்டுமே. குழாய் வழியே இன்னொரு புரோகிராமுக்குப் போகும் பெயர்கள் முன்போலவே போயின. ஆகவே எந்த ஸ்கிரிப்டும் அதனால் நிற்கவில்லை. மிஞ்சியது மனிதர்களுக்கிடையே ருசி பற்றிய சண்டை. ருசி பற்றிய சண்டையை ருசி பற்றிய சண்டையாகவே போட முடிவது சிறிய பேறு அல்ல.

யந்திரத்துக்காக எழுதுவது இன்னொரு ஒழுக்கத்தையும் கோருகிறது. டிஎஃப் போட்ட சிறு கோட்டுக்குத் திரும்புவோம். ஜேஸனில் எழுதப்போகிறவன் கோடு போட்டுத் தப்ப முடியாது. பூஜ்யமா, வெறும் எழுத்துத் தொடரா, வெறுமையா, அல்லது அந்தப் பெயரையே எழுதாமல் விட்டுவிடுவதா என்று அவன் தீர்மானித்தாக வேண்டும். கணக்கு எண் என்று சொல்கிறோம். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணை எண்ணாகக் கருதினால் முன்னிருக்கும் பூஜ்யம் போய்விடும். ஜேஸனில் அப்படி ஓர் எண்ணை எழுதவே விதி இல்லை. மிக நீண்ட எண்ணானால், 9007199254740992க்கு அப்பால் பல புரோகிராம்கள் கடைசி இலக்கங்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். யோசித்தால் கணக்கு எண் ஓர் எண்ணே அல்ல. அதை யாரும் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. இலக்கங்களால் ஆன பெயர் அது. மனிதனிடம் பேசும்போது இந்தத் தெளிவு நமக்குத் தேவைப்படவில்லை. எதிராளியின் புத்தியைக் கடன் வாங்கியே பேசிப் பழகியிருந்தோம். கடன் கொடுக்க முடியாத ஒரு வாசகன் வந்தபோதுதான் நாம் எவ்வளவை அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது தெரிகிறது.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் மூன்று கனமானவை.

ஒன்று: ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொன்னால், இரண்டும் முரண்படும்போது எது உண்மை? இந்தக் கேள்வி கம்ப்யூட்டரைவிட மூத்தது. செக்கில் தொகையை எழுத்தாலும் எழுதுகிறோம், எண்ணாலும் எழுதுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே தொகை என்கிறது 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், 18ஆம் பிரிவு. எண்ணுக்குப் பின் ஒரு பூஜ்யம் சேர்ப்பது நொடி வேலை. எழுத்தைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை. அதே செக்கின் அடியில் வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கிறது. 1980களில் இந்தியாவில் வந்தது. காந்த மையில் கோணல்மாணலான இலக்கங்கள். அந்த இடத்தில் மனிதன் எழுதக்கூடாது. யந்திரத்துக்கு அப்படி ஓர் இடம் ஒதுக்கிவிட்டதால் மேலே மனிதன் எந்தக் கையெழுத்தில் எழுதினாலும் அதற்குக் கவலையில்லை. செக்கைத் தமிழில் எழுதலாம், விதி அனுமதிக்கிறது. எந்த ஊர், எந்த வங்கி, எந்தக் கிளை என்று தரம்பிரிக்கும் யந்திரம் அந்தத் தமிழைத் தொடுவதே இல்லை. முன்பு சொன்ன ஸ்கிரிப்டின் தலைவரியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முரண்பாட்டுக்குப் பரிகாரம், இரண்டு வடிவங்களும் ஒரே ஊற்றிலிருந்து பிறக்கும்படி செய்வது. 2016ல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 11ல் பல பழைய புரோகிராம்கள் இப்படித் திருத்தி எழுதப்பட்டன. ஒரே வரி எழுதினால் அதிலிருந்து மனிதனுக்குரிய வாக்கியமும் ஜேஸனும் இரண்டும் விளையும். பிறகு ஒன்று பொய்யானால் மற்றதும் பொய்யாகும். பொய்யில்கூட ஓர் ஒருமை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் நியாயமானது. வேலையெல்லாம் யந்திர வடிவத்தில் நடக்கும்போது மனிதனுக்கான வாக்கியங்களை யார் பொருட்படுத்துவார்கள்? அவை அலங்காரமாகிப் பிறகு அநாவசியமாகிவிடாதா? இது நடக்கத்தான் செய்கிறது. யந்திர வடிவத்தை மட்டுமே தந்துவிட்டு, படிக்க வேண்டுமானால் அதற்கென்று வேறொரு புரோகிராம் இருக்கிறது, வாங்கிக்கொள் என்று சொல்லிவிடும் சாதனங்கள் இன்று உண்டு. அங்கே மனிதன் யந்திரத்தின் வீட்டில் விருந்தாளி. நான் ஆதரிப்பது சேர்ப்பதை. மாற்றீடு செய்வதை அல்ல. எல்லை இந்த இடத்தில் இருக்கிறது. தனி வடிவம் கிடைத்தபின் மனிதனிடம் பேசுவதற்கு இருந்த ஒரே சாக்கு, யந்திரமும் படிக்க வேண்டுமே என்ற சாக்கு, போய்விடுகிறது. இனி அந்த வாக்கியம் மோசமாக இருந்தால் அது எழுதியவனின் அலட்சியம்தான். சுதந்திரம் கிடைத்தவனுக்குக் குற்றமும் சொந்தமாகிவிடுகிறது.

மூன்றாவது புதியது. மனித வாக்கியத்தையே படித்துப் பொருள் சொல்லும் மொழி மாதிரிகள் 2022க்குப் பின் பரவலாகிவிட்டன. பட்டியலை எந்த வடிவில் கொடுத்தாலும் அவை புரிந்துகொள்ளும்போது, தனி வடிவம் எதற்கு? பதில், புரிந்துகொள்வதும் நம்பியிருப்பதும் ஒன்றல்ல என்பது. அவை ஊகிக்கின்றன, பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கின்றன. ஆனால் ஊகம் சரியானதற்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. தவறும்போது யாரும் வாக்குத் தவறியவராவதும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மனிதனைப் போல் சரளமாகப் பேசும் அந்த மாதிரிகளிடமே, பேச வேண்டாம், ஜேஸனில் மட்டும் பதில் சொல் என்று கேட்கிறார்கள். அந்தப் பதிலை அடுத்து ஒரு புரோகிராம் நம்பி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சரளத்தை மெச்சலாம். அதன்மேல் எதையும் கட்ட முடியாது என்பதை யந்திரம் செய்கிறவர்கள் நமக்கு முன்பே கண்டுகொண்டுவிட்டார்கள்.

நம் எழுத்தில் இந்தக் கலப்படம் இல்லையா என்று கேட்டுக்கொள்வது நலம். விமர்சனம் என்ற பெயரில் தர அட்டவணை போடுகிறோம்; கவிதை என்ற பெயரில் கொள்கை அறிக்கை. ஒவ்வொன்றும் அதற்குரிய வடிவில் வந்தால் பயனுள்ளவைதான். கவிதையின் தோளுக்குப் பின்னால் நின்று அறிக்கையை எதிர்பார்த்துப் படிக்கும் வாசகனுக்குப் பயந்து கவிதையை உறையவிடுவதும், ஆங்கில வாக்கியத்தைத் தேடும் ஸ்கிரிப்டுக்குப் பயந்து தமிழை அணைத்துவிடுவதும் ஒரே காரியம். அந்த வாசகனைத் துரத்த வேண்டியதில்லை. அவன் கேட்பதை அவனுக்குரிய தாளில், தவறில்லாமல், என்றும் மாறாதபடி எழுதிக் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு கவிதையின் வரிகளை அடித்துத் திருத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராது.